நாற்காலி அறையில் கிடக்கும் என் விரிப்பைப் பற்றி: ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைக்கும், மகளிர் கைவினைக் கண்காட்சிக் குழுவினருக்கும்

கண்காட்சியின் இரண்டாம் நாள் காலை மண்டபத்துக்கு வந்தேன். என் படுக்கை விரிப்பு தொங்கிய சுவரில் லீலி மலர்கள் தைத்த பீடத்துணி ஒன்று தொங்கியது. விரிப்பு எங்கே என்று கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே, “குழுவுல கேளுங்க” என்றார். குழுவில் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஏதோ வேலை இருந்தது. கடைசியில் மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைக்கும் பின்னறையில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் எட்டாக மடித்துத் திணித்திருந்ததை நானே கண்டுபிடித்தேன். எடுத்துக்கொண்டு போக விடவில்லை. “குழு பேசி முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்” என்றார்கள். மாலையில் மின்னஞ்சல் வந்தது, மூன்று வரி: ஆலய வளாகத்தின் புனிதத்துக்கும் தாய்மையின் மேன்மைக்கும் பொருந்தாத படைப்பு என்பதால் அகற்றினோம்; புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்; உங்களுக்காகச் செபிக்கிறோம்.

எனக்குப் புரியவில்லை. கண்காட்சி முடிந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் புரியவில்லை. நேரில் கேட்டேன், தொலைபேசியில் கேட்டேன். இப்போது எல்லோருக்கும் தெரியும்படி கேட்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் விரிப்பை இறக்கிவிட்டு நீங்கள் மாட்டிய அந்த லீலி மலர்த் துணியும் நான் தைத்ததுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன், என் நோய் மிக மோசமாக இருந்த மாதங்களில், அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டிக்கொண்டு தைத்தேன். இடது ஓரத்தில் மூன்றாவது மலரைப் பாருங்கள். ஒரு இதழ் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். அன்று வலி தாங்காமல் பாதியிலேயே நூலை முடிந்துவிட்டேன். யாரும் கவனித்ததில்லை. அதன்மேல்தான் இத்தனை ஞாயிறுகளாகத் திருப்பலி நடக்கிறது. என் வலி வெள்ளை இதழாக இருந்தவரை பீடத்துக்குப் பொருந்தியது. அதே வலி தன் பெயரைச் சொன்னதும் நாற்காலி அறைக்குப் போய்விட்டது.

விரிப்பைப் பார்க்காதவர்களுக்காக அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருவர் படுக்கும் கட்டிலுக்கான வெள்ளைப் பருத்தி விரிப்பு அது. எங்களுக்குத் திருமணமான முதல் வருடத்திலிருந்து பயன்பட்டு, நடுவில் நைந்துபோனது. என் கணவர் படுக்கும் பக்கம் வெறுமையாக இருக்கும். என் பக்கம், துவைத்துத் துவைத்தும் போகாமல் பழுப்பாகத் தங்கிவிட்ட கறைகள். மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் ஓரத்தையும் சிவப்பு நூலால் ஓடுதையலில் சுற்றியிருக்கிறேன், வரைபடத்தில் தீவுகளுக்குக் கரை போடுவதுபோல. கறையை மறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இருப்பது இதுதான், இதன் எல்லை இதுதான் என்று மட்டும் தைத்தேன்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும்: ‘இன்னைக்கு வேண்டாம்.’ ஒவ்வொன்றுக்கும் கீழே ‘சரி.’ நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தெரியும், அல்லது விரலால் தடவினால். அந்தச் ‘சரி’களில் ஒன்று மட்டும் கோணல்மாணலாக இருக்கும். அதைத் தைத்தவர் என் கணவர். ஊசியில் நூல் கோக்கவே அவருக்குக் கால்மணி நேரம் ஆனது.

ஒரு தலையணை உறையில் மங்கள வார்த்தை செபத்தைத் தைத்திருந்தேன். அருள் நிறைந்த மரியே வாழ்க என்று தொடங்கி, ‘கனியாகிய இயேசு’ என்ற சொற்கள் வரும் முன்பே, ‘உம்முடைய திருவயிற்றின்’ என்ற இடத்தில் நிற்கும். நூலை வெட்டாமல், ஊசியையும் துணியிலேயே குத்தி விட்டிருந்தேன். இன்னொரு உறை வெறுமை. விரிப்பின் கீழ் விளிம்பில் நீல நூலில் பன்னிரண்டு குஞ்சங்கள். படைப்பின் பெயர் ‘விளிம்பு’.

இவ்வளவுதான். விண்ணப்பத்தோடு ஆறு புகைப்படங்கள் அனுப்பினேன். கறைகளின் அண்மைப் படமும், வாசகத்தைச் சாய்வெளிச்சத்தில் எடுத்த படமும் அதில் உண்டு. ஏற்றுக்கொண்டோம் என்று எழுத்தில் பதில் அனுப்பினீர்கள். எனவே கடைசி நேரத்தில் அதிர்ந்துபோனோம் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாள் மாலை யாரோ சிலர் முகம் சுளித்தார்கள், அதற்குப் பிறகு உங்களுக்கும் அது அருவருப்பாகிவிட்டது. நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

என் நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்ளே இருக்கும் படலம் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் வயிற்றறையின் சுவரிலும் ஒட்டி வளர்கிறது. ஒவ்வொரு மாதமும் அங்கெல்லாம் அழற்சி உண்டாகிறது. தழும்பு விழுந்து உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உட்காரும்போதும் மலங்கழிக்கும்போதும் வலிக்கும். கணவரோடு சேரும்போது கத்தி இறங்குவதுபோல வலிக்கும். கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகம் முழுவதும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களை மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இந்தப் பெயர் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் பார்த்த மருத்துவர்கள் ஐந்து பேர். “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்றார் ஒருவர். ஆன பிறகு, “குழந்தை பிறந்தா சரியாயிடும்” என்றார் இன்னொருவர். வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான், இடது சினைப்பை குடலோடு ஒட்டிக் கிடந்தது தெரிந்தது. குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் அன்றுதான் தெரிந்தது.

திருச்சபைக்குள் எனக்குக் கிடைத்த பதில் இன்னும் சுருக்கம். “வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடும்மா.” திருமணத் தயாரிப்பு வகுப்பில் உடலுறவைப் பற்றிப் பேசியது மொத்தம் இருபது நிமிடம். அதில் வலி என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ‘தன்னையே முழுமையாகக் கையளித்தல்’ என்ற சொல் பலமுறை வந்தது. அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பினேன். முதல் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கையளித்தேன். நான் மறுத்தால் மனைவிக்குரிய கடமையில் தவறுகிறேன் என்று நினைத்தேன். என் முகம் சுவரைப் பார்த்திருந்ததால் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் தெரிந்தபோது, இத்தனை நாள் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதற்குப் பிறகுதான். ‘சரி’ என்று அவர் சொன்னதும்தான்.

உங்கள் குழுவில் ஒருவர் அந்த வாசகத்தை ‘கணவனை மறுப்பதைக் கொண்டாடுவது’ என்றாராம். காதில் விழுந்தது. ஐயா, எங்கள் திருமணம் அந்த இரண்டு சொற்களில்தான் பிழைத்தது. பீடத்தின் முன் நாங்கள் சொன்ன ‘சரி’யைவிட அந்தக் கோணல் எழுத்துச் ‘சரி’ எனக்குப் பெரிது என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன். படுக்கையில் இருவருக்குள் நடக்கும் நெருக்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் துணி ஆபாசமாகத்தான் தெரியும். டிரேசி எமின் என்ற ஆங்கிலக் கலைஞர் 1995-இல் ஒரு கூடாரம் தைத்தார், தான் யாருடன் எல்லாம் உறங்கியிருக்கிறாரோ அவர்கள் பெயர்களை உள்ளே ஒட்டுத்தையலில் எழுதி. தலைப்பைப் படித்தவர்கள் காதலர்களின் பட்டியல் என்றே நினைத்துக்கொண்டார்கள். குனிந்து உள்ளே நுழைந்தால் 102 பெயர்கள் இருந்தன. அவற்றில் அவருடைய பாட்டியும், கூடப் பிறந்த இரட்டைச் சகோதரரும், பிறக்காமல் போன கருக்களும் உண்டு. 2004-இல் ஒரு கிடங்குத் தீயில் அந்தக் கூடாரம் எரிந்துபோனது. உங்கள் கண்காட்சியிலும் என் துணிக்குப் பக்கத்தில் குனிந்தவர்கள் மிகச் சிலர்தான்.

இரத்தத்துக்கு வருகிறேன். ‘புனிதத்துக்குப் பொருந்தாது’ என்று நீங்கள் எழுதியது அதைத்தான் என்று எனக்குத் தெரியும்.

நம் ஆலயத்தில் எங்கே திரும்பினாலும் இரத்தம் இருக்கிறது. பாடுபட்ட சுரூபத்தின் விலாவில், முழங்காலில், நெற்றியில். திரு இருதயப் படத்தில். மறைசாட்சிகளின் கழுத்தில். அதன் முன்னால்தான் சிறு குழந்தைகளை நிறுத்திச் செபம் சொல்லித் தருகிறோம். இரத்தம் நமக்கு அருவருப்பில்லை. எந்த உடலிலிருந்து, எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு.

பதினோரு ஆண்டுகளாக நம் பீடத்துணிகளைத் துவைப்பவள் நான். இரசக் கிண்ணத்தைத் துடைத்த சிறு துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது ஒரு வயதான அருள்சகோதரி. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊற வை, வெந்நீர் படவே கூடாது, பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதே, காலடி படாத மண்ணில் ஊற்று. பத்து நிமிடம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பச்சைத் தண்ணீர், வெந்நீர் ஆகாது என்பதெல்லாம் பதின்மூன்று வயதிலிருந்து என் கைக்குத் தெரியும். வீட்டில் அந்தத் தண்ணீரை யாரும் பார்ப்பதற்குள் ஊற்ற வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். ‘விளிம்பு’ அந்த நாளில்தான் மனத்தில் விழுந்தது. தைக்கத் தொடங்க மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின.

தந்தையே, இனி நான் சொல்வதை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண். மருத்துவர் பலரிடம் போய், கைப்பொருளையெல்லாம் செலவழித்து, குணமாகாமல் இன்னும் மோசமாகிப் போனவள். அவள் படுக்கும் படுக்கையும் உட்காரும் இடமும் தீட்டு, தொடுகிறவரும் தீட்டு என்கிறது லேவியர் நூலின் பதினைந்தாம் அதிகாரம். ஒரு படுக்கை விரிப்புக்கு எதிராகச் சட்டம் தேடுவதானால் நீங்கள் அங்கேதான் போக வேண்டும். அவள் கூட்டத்துக்குள் புகுந்து, பின்னால் வந்து, இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். ஆடையின் விளிம்பு என்று மத்தேயுவும் லூக்காவும் எழுதுகிறார்கள். யூத ஆண்கள் ஆடையோரத்தில் குஞ்சம் கட்டி அதில் நீல நூல் சேர்க்க வேண்டும் என்பது எண்ணிக்கை நூலில் உள்ள கட்டளை. என் விரிப்பின் பன்னிரண்டு நீலக் குஞ்சங்கள் எங்கிருந்து வந்தன என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவள் நலமடைந்துவிட்டாள். சத்தமில்லாமல் போய்விடத்தான் வந்தாள். இயேசு நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். அவருக்கு அவசரம் வேறு, அவர் காப்பாற்றப் போய்க்கொண்டிருக்கும் யாயீரின் மகள் செத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவர் நின்று, திரும்பி, என்னைத் தொட்டது யார் என்று கூட்டத்தின் நடுவே கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்த உண்மையையெல்லாம் சொல்கிறாள். எல்லோரும் கேட்க. ‘இதையெல்லாம் தனிப்பட்ட முறையில் பேசலாமே, மண்டபத்தில் எதற்கு’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் நான் அன்று சொல்ல மறந்த பதில் இது. தனிப்பட்ட முறையில் முடித்துக்கொள்ளத்தான் அவளும் வந்தாள். முடிக்க விடாதவர் யார்?

பிறகு அவளை அவர் ‘மகளே’ என்று அழைக்கிறார். நற்செய்திகளில் வேறு எந்தத் தனிப் பெண்ணையும் அவர் அப்படி அழைத்ததில்லை. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பல இரவுகளைக் கடந்திருக்கிறேன். நமக்குச் சொல்லித்தரப்பட்ட பெண்களை எண்ணிப் பாருங்கள். சாரா, அன்னா, எலிசபெத்து எல்லோரும் மலடி என்று இகழப்பட்டவர்கள், ஆனால் கதை முடியும்போது ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குழந்தை இருக்கும். மரியா கன்னியும் தாயும். 1988-இல் பெண்ணின் மாண்பைப் பற்றி எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் பெண்ணின் அழைத்தலைத் தாய்மை, கன்னிமை என்ற இரண்டு கோணங்களில்தான் விரித்தார். ஆன்மீகத் தாய்மையைப் பற்றியும் அதில் அழகாகச் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையும் இல்லாமல், துறவறமும் இல்லாமல், வலியோடு ஒரு கட்டிலில் ஒரு மனிதரோடு வாழும் பெண் அந்த இரண்டில் எந்த வரிசையில் நிற்பாள்? 2004-இல் புனிதர் பட்டம் பெற்ற ஜான்னா பெரேத்தா மோல்லாவை எனக்கு மதிப்போடு தெரியும். கர்ப்பத்தோடு கருப்பையில் கட்டி இருந்தபோது, கருவைக் காக்க வேண்டும் என்று கட்டியை மட்டும் அகற்றச் சொன்னவர், 1962-இல் குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் இறந்தவர். நோயுற்ற கருப்பை நம் பீடத்தில் ஏற ஒரு குழந்தையையும் ஒரு மரணத்தையும் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. இரத்தப்போக்குள்ள அந்தப் பெண்ணுக்கு மட்டும் இறுதியில் பிள்ளை வரவில்லை. அவள் யாருக்கும் தாய் என்றோ மனைவி என்றோ நற்செய்தி சொல்லவில்லை. அவள் மகள். எனக்கு அது போதும். உங்களுக்கு ஏன் போதவில்லை என்று கேட்கவே அந்த விரிப்பைத் தைத்தேன்.

அவளை வரைவது திருச்சபைக்குப் புதிதும் இல்லை. உரோமையில் புனித மார்செல்லினுஸ், பேதுரு நிலவறைக் கல்லறையின் சுவரில், அவள் மண்டியிட்டு விளிம்பைத் தொடும் ஓவியம் இன்றும் இருக்கிறது. சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் இயேசுவின் முகத்தைத் துடைக்கத் துணியோடு வரும் வெரோணிக்காவும் இவளும் ஒருவரே என்று ஒரு பழைய மரபே உண்டு. அதாவது, நாம் ஒவ்வொரு தவக்காலத்திலும் முழந்தாளிடும் ஒரு நிலை, இரத்தப்போக்குள்ள பெண் ஏந்தி நிற்கும் ஒரு துணியின் முன்னால்.

தலையணை உறையைப் பற்றி ‘செபத்தைக் கேலி செய்வது’ என்றார்களாம். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்னால் செபமாலை சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மணியிலும் ‘உம்முடைய திருவயிற்றின்’ என்ற இடம் வரும், குரல் நின்றுவிடும். அதற்கு மேல் என் கணவர் சொல்வார், நான் அடுத்த மணிக்கு வருவேன். ஐம்பத்து மூன்று மணிகளும் அப்படித்தான் நகரும். நின்ற இடத்தில் ஊசியும் நின்றது. கேலி செய்கிறவர்கள் ஐம்பத்து மூன்று முறை முயல்வதில்லை.

அந்த ஊசியை யாரோ உருவிவிட்டீர்கள். கீழே விழுந்து குழந்தைகள் காலில் குத்திவிடும் என்ற கவலையாக இருந்திருக்கலாம், சரி. ஆனால் உருவியவர் நூலோடு சேர்த்து இழுத்திருக்கிறார். பின் தையல் இரண்டு எழுத்து பிரிந்து, இப்போது ‘திருவயிற்’ என்று நிற்கிறது. நாற்காலி அறையில் பையைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். கறைகள் இருந்த பக்கம் உள்ளே போகும்படி கவனமாக மடித்திருந்தீர்கள். அந்தக் கவனம் ஊசிக்குக் கிடைக்கவில்லை.

பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைத் துணியில் எழுதுவது கலைக்கூடங்களில் பிறந்த புது மோகம் என்று நினைக்க வேண்டாம். 1830 வாக்கில் இங்கிலாந்தில் எலிசபெத் பார்க்கர் என்ற வேலைக்காரப் பெண், வெள்ளை லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால், குறுக்குத் தையலில் தன் வாழ்க்கையை எழுதினார். எழுதத் தெரியாததால் இப்படி என்று தொடங்கி, வேலை செய்த வீட்டில் பட்ட கொடுமை, உயிரை விட எண்ணியது, இறைவனிடம் மன்றாட்டு என்று பூவேலை ஒன்றும் இல்லாமல் வரிவரியாக ஓடும். கடைசியில் என் ஆன்மா என்ன ஆகும் என்ற கேள்வியில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. மீதித் துணி வெற்றிடம். இன்று அது இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை யாரும் எட்டாக மடிக்கவில்லை.

இதைவிட நம்மோடு நெருக்கமான ஒன்று இருக்கிறது. சிலே நாட்டில் 1973-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கணவரையும் மகன்களையும் தொலைத்த பெண்கள் சாக்குத் துணியின்மேல் பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைத்துத் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்கள் உண்டு. அந்தத் துணிகளை வாங்கி, நாட்டுக்கு வெளியே அனுப்பி, அந்தப் பெண்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தது யார் தெரியுமா? சந்தியாகோ உயர்மறைமாவட்டம். 1976-இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கெஸ் தொடங்கிய ஒருமைப்பாட்டுப் பணியகம். பீனோசே என்ற சர்வாதிகாரி இருந்த நாட்டில் திருச்சபை பெண்களின் துணியைக் காப்பாற்றியது. நம் மண்டபத்தில் ஒரு மாலை முகச்சுளிப்பைக்கூடத் தாங்க முடியவில்லை.

முதல் நாள் ஒரே ஒரு நாள்தான் விரிப்பு சுவரில் இருந்தது. அந்த நாளில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு பெண், பதினாறு வயதிருக்கும், கறைகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, மாசாமாசம் மயக்கம் போட்டு விழறது எல்லாருக்கும் நடக்காதா?” நடக்காது என்றேன். அவள் முகம் மாறியதை என்னால் விவரிக்க முடியாது. அவள் அம்மாவிடம் பேசினேன். மருத்துவரைப் பார்க்கப் போகிறார்கள். மறுநாள் தன் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தவள் சுவரில் லீலி மலர்களைத்தான் பார்த்தாள்.

துன்பத்தை ஒப்புக்கொடுக்கச் சொல்லும் மரபை நான் பழிக்கவில்லை. சில இரவுகளில் எனக்கு அது மட்டும்தான் கையில் இருந்தது. ஆனால் 1984-இல் துன்பத்தைப் பற்றிய மடலில் அதே இரண்டாம் யோவான் பவுல் நல்ல சமாரியரையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்: தன் துன்பத்தால் நன்மை செய்வது ஒன்று, துன்பப்படுகிறவருக்கு நன்மை செய்வது இன்னொன்று. எனக்கு முதலாவதை மட்டுமே எல்லோரும் சொல்லித் தந்தார்கள். என் நோய்க்கான ஹார்மோன் மாத்திரை கருத்தரிப்பையும் தடுக்கும், அதைப் போடுவது பாவம் என்று ஒரு தந்தை சொன்னதால் பதினான்கு மாதம் அதை நிறுத்தி வைத்தேன். அந்தப் பதினான்கு மாதத்தில்தான் நோயால் வந்த கட்டி இரண்டு மடங்கானது. நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையை, அதனால் கருத்தரிப்பு தடைபடும் என்று தெரிந்தாலும், திருச்சபை தடுப்பதில்லை என்று 1968-ஆம் ஆண்டு கருத்தடை பற்றிய ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலின் 15-ஆம் பத்தியிலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் எழுதியிருக்கிறார். தடையைத்தான் நோக்கமாக வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் அதைத் தேடிப் படித்தபோது அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. குழந்தையின்மை திருமணத்தைச் செல்லாததாக்காது என்கிறது திருச்சபைச் சட்டம் 1084. அதையும் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ‘குழந்தை இல்லாட்டி அது என்ன கல்யாணம்’ என்று ஆலய முற்றத்திலேயே கேட்டவர்கள் உண்டு.

இனி என் கோரிக்கைகள்.

‘விளிம்பு’ ஒரு நாள்தான் காட்டப்பட்டது. மீதி ஆறு நாட்களுக்கு, அதே சுவரில், மண்டபத்தில் அடுத்த நிகழ்ச்சி வருவதற்கு முன் மீண்டும் மாட்டுங்கள். பிரிந்த இரண்டு எழுத்துகளை நான் திரும்பத் தைக்கப் போவதில்லை. நீங்களும் யாரையும் வைத்துச் சரிசெய்ய வேண்டாம். ‘திருவயிற்’ என்று நிற்பது நிற்பதாகவே இருக்கட்டும், எப்படிப் பிரிந்தது என்ற ஒரு வரிக் குறிப்போடு. சிறுவர்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் வாசலில் ஒரு அறிவிப்பு வையுங்கள், எனக்கு மறுப்பில்லை. மீண்டும் மாட்ட முடியாதென்றால், எந்த விதியின்படி, யார் யார் சேர்ந்து, எப்போது முடிவெடுத்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். செபத்தில் நினைவுகூர்வது பதிலாகாது.

அடுத்த முறை குழு அமைக்கும்போது தையல் தெரிந்த ஒருவரும், நாள்பட்ட நோயோடு வாழும் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட படைப்பை, செய்தவரை அழைத்துப் பேசாமல் யாரும் தொடக் கூடாது என்பதை விதியாக்குங்கள்.

திருமணத் தயாரிப்பு வகுப்பில் உடலுறவின்போது வரும் வலி, மறுக்கும் உரிமை, குழந்தையின்மை மூன்றையும் பேசுங்கள். நான் மேலே சொன்ன 15-ஆம் பத்தியையும் சட்டம் 1084-ஐயும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு பெண் மருத்துவரை அழையுங்கள். வேண்டுமானால் நானும் என் கணவரும் வருகிறோம். அவர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், அதிகம் பேசாத மனிதர்.

அன்னையர் நாள் திருப்பலியில் தாய்மார்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி ஆசி வழங்கும் வழக்கத்தை மாற்றுங்கள், தந்தையே. உட்கார்ந்திருப்பவர்களின் தலையை எல்லோரும் எண்ணுகிறார்கள்.

பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளன்று வழக்கமாக முதியவர்களுக்கு நோயில் பூசுதல் நடக்கும். இந்த முறை வெளியே தெரியாத நோயோடு இருக்கும் பெண்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். முன்வரிசையில் வந்து உட்கார நான் தயார்.

கடைசியாக, விரிப்பு. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாற்காலி அறைக்கு வருகிறேன், சாவியோடு யாராவது இருங்கள். அதுவரை அந்தப் பையிலிருந்து எடுத்துவையுங்கள், ஈரம் கட்டினால் பழைய பருத்தியில் பூஞ்சை பிடிக்கும். மடிக்க வேண்டாம். ஒரு அட்டைக் குழாயில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அதன்மேல் தையல் முகம் வெளியே தெரியும்படி சுருட்டி வையுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் நூல் நசுங்கும்.

உங்கள் பீடத்துணிகளைத் துவைப்பவள்